பயனை விலைக்குக் கொண்டோர்

ஒரு பொருள் ஒருவனுடையது என்று கூறும்போது நாம் உண்மையில் கூறுவது யாது? அப்பொருளின் உருவை அவன் ஆள்கின்றான் என்பதையா, அன்றி அதன் பயனை அவன் துய்க்கின்றான் என்பதையா? வீட்டுக்கு உடையவன் ஒருவன். அதில் குடியிருப்பவன் மற்றொருவன். மாட்டுக்கு உடையவன் ஒருவன். அதை ஏரில் பூட்டியவன் பிறனொருவன். உருவும் பயனும் இவ்வாறு இரு கைகளில் பிரிந்து நிற்கும்போது, உருவை உடையவனுக்குச் சட்டமும் சமூகமும் அளிக்கும் காப்பு, பயனை மட்டும் விலை கொடுத்துப் பெற்றவனுக்கும் உண்டா? இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா. ஏட்டோடு நின்றுவிடும் வினா அன்று இது. நாள்தோறும் விடியலிலும் நள்ளிரவிலும் சாலையோரத்தில் நின்று, தமக்கு உரிமையில்லாத ஊர்தியை எதிர்நோக்கியிருக்கும் எளிய மக்களின் வினா.

ஓசூர்ப் பகுதியை எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் கூர்மை விளங்கும். 1971ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தபின், கேழ்வரகும் அவரையும் விளைந்த இந்நிலம் ஊர்திகள் பிறக்கும் நிலமாய் மாறிற்று. 1980இல் அசோக் லேலண்டு ஆலை இங்கே தோன்றியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட்டு இவ்வூரிலிருந்து தமிழகத்துத் தெருக்களுக்குப் புறப்பட்டது. அண்மையில், 2021ஆம் ஆண்டில், மின்கலத்தால் ஓடும் இருசக்கர ஊர்திகளை ஏதர் நிறுவனம் ஓசூரிலும், ஓலா நிறுவனம் போச்சம்பள்ளி அருகிலும் செய்யத் தொடங்கின. ஆயினும், ஊர்தியைப் படைக்கும் கைகள் எல்லாம் ஊர்தியை உடைய கைகள் அல்ல. ஆலைத் தொழிலாளர் ஆலைப் பேருந்தில் வருகின்றனர். ஒப்பந்த வேனில் வருகின்றனர். ஷேர் ஆட்டோவில் தோளோடு தோள் நெருங்கி வருகின்றனர். அரசு நகரப் பேருந்தில் வருகின்றனர். கைப்பேசியால் அழைத்த வாடகைக் காரிலும் வருகின்றனர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, ஆங்கிருந்து கர்நாடகம். 2025 ஆகஸ்டில் பெங்களூரின் மெட்ரோ ரயில் பொம்மசந்திரம் வரை வந்துவிட்டது. ஆனால் பொம்மசந்திரத்திலிருந்து ஓசூர் வரையுள்ள வழியைக் கடக்க மக்கள் மீண்டும் பிறர் ஊர்தியையே நாடவேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஆலை ஒன்று வேன் உரிமையாளர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்கின்றது. இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பெண்ணை அவள் தெருமுனையில் இறக்கிவிடவேண்டும் என்பது பேச்சு. ஓட்டுநரோ, டீசல் மிச்சம் கருதி, நெடுஞ்சாலைப் பிரிவிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகின்றார். மற்றொரு நாள் வேன் வரவேயில்லை. அவளுக்கு அரைநாள் ஊதியம் போயிற்று. அவள் ஆலையைக் கேட்டால், “வேன்காரரைக் கேள்” என்கின்றனர். வேன்காரரைக் கேட்டால், “உன்னோடு எனக்கென்ன பேச்சு? என் ஒப்பந்தம் கம்பெனியோடு” என்கின்றார். அவள் எதையும் வாங்கவில்லை; எவரோடும் கையெழுத்திடவில்லை; அவள் கையில் ரசீதும் இல்லை. இழந்தவள் மட்டும் அவளே. இவளுக்கு உரிமை உண்டா?

ஃபிக்ஹுக் கலையைப் பயின்றோர்க்கு இவ்வினா புதிதன்று. பொருளையே விற்றல் ‘பைஉ’. பொருளின் பயனை, அதாவது ‘மன்ஃபஅத்’தை, விலைக்கு விற்றல் ‘இஜாரா’. பயனை விலையின்றி அளித்தல் ‘ஆரியத்’. மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் ஒரு கேள்வி எழுப்புவர்: “கையால் தொட முடியாத பயனை எப்படிச் சொத்து என்பது?” இமாம்களும் இதில் கருத்து வேறுபட்டே நின்றனர். ஹனஃபிகள், பயன் என்பது கணத்துக்குக் கணம் தோன்றி மறைவதால் அது தன்னளவில் சொத்தாகாது, ஒப்பந்தத்தால்தான் மதிப்புப் பெறும் என்றனர். ஷாஃபியீகளோ, மனிதன் பொருளை நாடுவதே அதன் பயனுக்காக ஆதலின், பயனே சொத்து என்றனர். ஆகவே, ஒருவன் மற்றவன் குதிரையைப் பறித்துப் பத்து நாள் ஓட்டித் திருப்பித் தந்தால், அந்தப் பத்து நாள் சவாரிக்கும் அவன் வாடகை தரவேண்டும் என்பது ஷாஃபியீ முடிவு. ஹனஃபி மத்ஹபின் மூல விதி அதைக் கோராது. எனினும் வக்ஃபுச் சொத்து, அநாதைகளின் சொத்து, வாடகைக்கென்றே விடப்பட்ட சொத்து ஆகியவற்றில் பிற்கால ஹனஃபிகளும் வாடகை உண்டு என்றே தீர்ப்பளித்தனர். வலியற்றோரின் சொத்தில் அவர்கள் விதியை நெகிழ்த்தியமை சிந்திக்கத்தக்கது. பயனை இழத்தலும் இழப்பே என்பதை மெல்ல மெல்ல அனைவரும் ஏற்கவேண்டியதாயிற்று.

இனி, நம் நாட்டுச் சட்டத்தின்பால் வருவோம். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளை வாங்கியவரை மட்டுமன்றிச் சேவையைப் பெற்றவரையும் நுகர்வோர் என்று ஏற்றது. போக்குவரத்தும் சேவையே என அது வெளிப்படையாகக் கூறிற்று. அதனிடத்தில் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடப்புக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே தொடர்கின்றது. பயனை விலைக்குக் கொண்டோர் காப்புக்கு உரியர் என்னும் கொள்கையளவில், ஷாஃபியீகளின் கருத்துக்கு அண்மையில் சட்டம் வந்து நிற்கின்றது எனலாம். ஆயினும் இரண்டு வேலிகள் உள. விலையின்றிப் பெற்ற சேவை இச்சட்டத்தில் அடங்காது. வாணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவையும் அடங்காது. நாம் மேலே கண்ட பெண்ணை இவ்விரு வேலிகளும் மறிக்கின்றன போலத் தோன்றும். அவள் வேனுக்குப் பணம் தரவில்லை. தந்த ஆலையோ வாணிகம் செய்யும் நிறுவனம்.

ஆனால் சட்டத்தை நுணுகி நோக்கினால் வேலியில் வாயில் தெரியும். பணம் தந்தவர் மட்டுமன்று, அவர் ஒப்புதலோடு சேவையின் பயனை அடைபவரும் நுகர்வோரே என்று சட்டம் கூறுகின்றது. 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை விரித்துரைத்தது. தொழிலாளியின் மருத்துவச் செலவை முதலாளி ஏற்றாலும், மருத்துவம் பெற்ற தொழிலாளி நுகர்வோரே என்றது. 2019 நவம்பரில் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் அது மேலும் ஒரு படி சென்றது. செவிலியர் தங்குவதற்கென மருத்துவமனை வாங்கிய வீடுகள் இலாப நோக்கோடு நேரடித் தொடர்புடையவை அல்ல. ஆதலால் அது வாணிக நோக்கம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். செவிலியர் விடுதிக்கும் தொழிலாளர் வேனுக்கும் இடையே நியாயத்தில் வேற்றுமை யாது? ஒன்று உறங்க இடம் தருகின்றது. மற்றொன்று உறங்கும் இடத்துக்குக் கொண்டு சேர்க்கின்றது. எனவே ஒப்பந்த வேனில் ஏறும் தொழிலாளியைப் பயனாளி என்னும் பெயரால் நுகர்வோராகக் கொள்வதே முறை என்பது நம் துணிபு.

கட்டணமின்றி நகரப் பேருந்தில் செல்லும் மகளிர் நிலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கதே. தமிழகத்தில் 2021 மே முதலும், கர்நாடகத்தில் 2023 ஜூன் முதலும் இத்திட்டங்கள் நடப்புக்கு வந்தன. “ஓசிப் பயணம்தானே, பேசாமல் வா” என்று சில பேருந்துகளில் எழும் குரலை நாம் கேட்டிருக்கின்றோம். அக்குரல் அறத்தாலும் பிழை. சட்ட நியாயத்தாலும் பிழை. அரசு அவர்க்காகப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு செய்கின்றது. அதே பேருந்தில் ஆடவர் கட்டணம் செலுத்திப் பயணம் செய்கின்றனர். ஒரே மருத்துவமனையில் சிலர் பணம் தந்தும் சிலர் தராமலும் மருத்துவம் பெற்றால், தராதவரும் நுகர்வோரே என்று சாந்தா வழக்கில் கூறப்பட்ட நியாயம் பேருந்துக்கும் பொருந்தாதோ? கட்டணமில்லாச் சீட்டு மரியாதையில்லாச் சீட்டு அன்று.

அடுத்து, பொறுப்பு எவர்க்கு என்னும் வினா. ஃபிக்ஹு நூல்கள் கூலிக்கு அமர்ந்தவரை இரு வகையாகப் பிரிக்கும். ஒருவரிடமே தம் நேரத்தை ஒப்படைத்தவர் ‘அஜீர் காஸ்’. வீட்டுக் கார் ஓட்டுநர் இவ்வகையினர். பலர்க்கும் பொதுவாகத் தொழில் செய்பவர் ‘அஜீர் முஷ்தரக்’. தையற்காரர், சாயம் தோய்ப்பவர், சுமை ஏற்றிச் செல்பவர், இன்றைய ஷேர் ஆட்டோக்காரர் ஆகியோர் இவ்வகையினர். வியப்பென்னவெனில், நம் நுகர்வோர் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைக் கிழிக்கின்றது. முதலாளி–பணியாள் உறவான தனிப்பணி ஒப்பந்தத்தைச் சேவை என்பதிலிருந்து அது விலக்குகின்றது. பொதுவாகத் தொழில் புரிவோரை உள்ளே கொள்கின்றது. ஆயிரம் கல் தொலைவிலும் ஆயிரம் ஆண்டு இடைவெளியிலும் வாழ்ந்த இரு சட்ட மரபினர் ஒரே இடத்தில் கோடு கிழித்தனர் எனின், அக்கோடு மனித வாழ்வின் இயல்பிலேயே உள்ளது என்றுதான் கொள்ளவேண்டும்.

பொதுத் தொழிலாளியின் கையிலுள்ள பிறர் பொருள் அமானிதம்; அவர் செயலால் அன்றிக் கெட்டால் அவர் ஈடு செய்யவேண்டியதில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கருத்து. அவர்தம் மாணாக்கர்களான அபூயூஸுஃப் (ரஹ்), முஹம்மத் (ரஹ்) ஆகியோர் ஆசிரியரிடமிருந்து வேறுபட்டனர். பெருந்தீ போன்ற தடுக்கவொண்ணாத இடர் நேர்ந்தாலன்றி அவர் பொறுப்பாளியே என்றனர். அலீ (ரலி) அவர்கள் சாயக்காரரையும் பொற்கொல்லரையும் பொறுப்பாளிகளாக்கினார்கள் என்றும், இவ்வாறன்றி மக்களின் நிலை சீர்பெறாது என்று கருதினார்கள் என்றும் ஒரு செய்தி நூல்களில் காணப்படுகின்றது. இங்கே நாம் காண்பது யாது? தொழிலாளர் அனைவரும் நேர்மையற்றோர் என்பதனால் இவ்விதி எழவில்லை. கடைக்குள் நடந்தது யாதென வெளியே நிற்பவன் அறியமாட்டான். அறியாதவன் தலையில் மெய்ப்பிக்கும் சுமையை வைத்தல் நீதியாகாது. ‘ளமான்’ என்னும் பொறுப்பு, அறிவும் ஆட்சியும் எவரிடம் உண்டோ அவர்பால் செல்கின்றது.

இந்த அளவுகோலைக் கைப்பேசிவழி வாடகைக் கார் நிறுவனங்கள்பால் வைத்துப் பார்ப்போம். “கார் எங்களுடையது அன்று, ஓட்டுநர் எங்கள் பணியாளர் அல்லர், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே” என்பது அவற்றின் வாதம். தரகரை அரபு மொழியில் ‘ஸிம்ஸார்’ என்பர். சந்தைத் தரகர் இரு சாராரையும் கூட்டிவைத்துத் தம் தரகைப் பெற்று விலகிவிடுவார். விலையை அவர் விதிப்பதில்லை. இந்நிறுவனங்களோ கட்டணத்தைத் தாமே குறிக்கின்றன. எந்த ஓட்டுநர் எந்தப் பயணியிடம் செல்லவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்கின்றன. பணத்தைத் தாமே பெறுகின்றன. விரும்பாத ஓட்டுநரை நீக்குகின்றன. விலையும் ஆட்சியும் அறிவும் தம் கையில் வைத்துக்கொண்டு, பொறுப்பு வரும்போது மட்டும் தரகர் என்று நிற்பது எங்ஙனம் பொருந்தும்? ஆதாயம் எவர்க்கோ, பொறுப்பும் அவர்க்கே என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

அரசும் மெல்ல மெல்ல இதனை உணர்ந்து வருகின்றது. கர்நாடகம் 2016ஆம் ஆண்டிலேயே இந்நிறுவனங்களுக்கென விதிகள் இயற்றியது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இவற்றை வரையறை செய்து, உரிமம் பெறுமாறு பணித்தது. 2022 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் நிறுவனங்களுக்குச் சேவைக் குறைகள் பற்றி அறிவிப்பு அனுப்பியது. 2024 அக்டோபரில் அதே ஆணையம் ஓலா நிறுவனத்துக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. திருப்பித் தரவேண்டிய பணத்தை அடுத்த பயணத்துக்கான கூப்பனாக மட்டும் தராமல், வங்கிக் கணக்கில் பெறும் உரிமையையும் பயணிக்கு அளிக்கவேண்டும். பயணத்துக்குப் பற்றுச்சீட்டு அளிக்கவேண்டும் என்பது அவ்வாணை. சிறிய ஆணைதான், ஆயினும் அதனுள் பெரிய அறம் உண்டு. எனக்குத் தரவேண்டிய கடனை மற்றொரு வாணிகத்தில் நான் ஈடுபட்டாலன்றித் தரமாட்டேன் என்பவன், கடனைத் தீர்க்கவில்லை, என்னைக் கட்டிவைக்கின்றான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது எளிதில் ஒதுக்கத்தக்கதும் அன்று. “பொறுப்பை ஏற்றிக்கொண்டே போனால் கட்டணம் உயரும், ஏழைப் பயணிக்குக் காப்பு கிடைக்கும், வண்டி கிடைக்காது. மேலும், ஆட்டோ ஓட்டுநரும் ஏழைதானே? ஓர் ஏழையின் சுமையை இறக்க மற்றோர் ஏழையின் தலையைத் தேடுவதா?” என்பர். உண்மையே. ஓட்டுநரும் ஒருவகையில் நுகர்வோரே என்பதைச் சட்டமே ஏற்கின்றது. தம் பிழைப்புக்காகத் தாமே ஓட்டுவதற்கு ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர் என்று, 1995 ஏப்ரலில் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. வண்டியில் குறையிருந்தால் அவரும் ஆணையத்தை நாடலாம். ஆகவே பயணிக்கும் ஓட்டுநர்க்கும் இடையே பகை மூட்டுவது நம் நோக்கமன்று. பொறுப்பு ஆதாயத்தின் அளவைப் பின்தொடரவேண்டும் என்பதே நாம் கூறுவது. வேன் வராமைக்கு முதலில் விடை கூறவேண்டியவர், குறைந்த கூலிக்கு இரட்டை ஷிப்டு ஓட்டும் ஓட்டுநர் அல்லர்; அக்கூலிக்கு அவரை ஓட்டவைத்த ஒப்பந்தக்காரரும், அவ்வொப்பந்தத்தை மலிவென்று ஏற்ற நிறுவனமுமே. கட்டணம் சிறிது உயர்வது பற்றிய அச்சம் மெய்யாயினும், இப்போது அவ்விலையைத் தொழிலாளி வேறு பெயரில் கட்டிக்கொண்டே இருக்கின்றாள் என்பதை மறத்தலாகாது. அவள் இழந்த அரைநாள் ஊதியமும், இருளில் நடந்த அரைக்கல் தொலைவும் அவ்விலையே.

எல்லைப்புற மக்கள் அறியவேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்றும் உண்டு. ஓசூர்வாசி பெங்களூர்த் தெருவில் கார் ஏறுகின்றார். நிறுவனத்தின் தலைமையகம் வேறெங்கோ. எங்கே முறையிடுவது? 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்தையோ வழக்கின் காரணம் தோன்றிய இடத்தையோ தேடிச் செல்லவேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம், முறையிடுவோர் வாழும் இடத்திலோ பிழைப்புக்காகப் பணிபுரியும் இடத்திலோ வழக்கிடலாம் என்று வாயிலைத் திறந்துவிட்டது. ஆகவே அவர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். சேவைக்குத் தந்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணமும் இல்லை. காலவரை இரண்டு ஆண்டுகள். ஆனால் விபத்தில் உயிரோ உடலோ சேதமுற்றால் வழி வேறு. 1995ஆம் ஆண்டில் நம் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதனை முடிவு செய்தது. விபத்து இழப்பீட்டுக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே உரிய இடம். நுகர்வோர் மன்றம் அதில் தலையிடலாகாது என்றது. வராத வண்டிக்கு ஒரு வாயில், கவிழ்ந்த வண்டிக்கு மற்றொரு வாயில் என்பதை நினைவிற் கொள்க.

இறுதியாக, பயணியின் கடமை பற்றியும் பேசாவிடில் நம் ஆய்வு ஒருதலைப்பட்டதாகும். மூவர்க்கு உரிய ஆட்டோவில் எட்டாவது ஆளாக ஏறியவர், பின்னர்க் குறை கூற உரிமையுடையவரா? “அவரே விரும்பித்தானே ஏறினார்?” என்பர். ஐந்தாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள், ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் நூலில் சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபின் கடமைகளைக் கூறுமிடத்து, கப்பல்காரர் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றுவதையும், கடுங்காற்றில் கலம் செலுத்துவதையும் அவர் தடுக்கவேண்டும் என்கின்றார்கள். பயணிகள் இசைந்தார்களா என்று முஹ்தஸிப் கேட்கவேண்டும் என அவர்கள் கூறவில்லை. ஏன்? ஏறியவரின் இசைவு அவர் உயிரளவில் மட்டுமே செல்லும். அருகில் அமர்ந்தவர் உயிருக்கு அவர் இசைவு தர இயலாது. மேலும், அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்தே வரும், தாமதித்தால் ஊதியம் போகும் என்ற நிலையில் தந்த இசைவை முழு இசைவு என்று எவ்வாறு கொள்வது?

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று, கப்பலில் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் சீட்டுக் குலுக்கி இடம்பெற்ற மக்களை உவமை காட்டுகின்றது. நீருக்காக மேலே சென்று வரும் தொல்லை வேண்டாவென்று, கீழ்த்தட்டினர் தம் பங்கிலேயே துளையிட எண்ணுகின்றனர். மேல்தட்டினர் விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். இவ்வுவமையில் நாம் உற்றுநோக்குவது, கப்பல் எவருடையது என்னும் பேச்சே அதில் இல்லாமையை. அதிலிருந்தோர் அனைவர்க்கும் இருந்தது இடம் மட்டுமே. எனினும் தடுக்கும் கடமை அவர்கள்மீதே வைக்கப்பட்டது. கீழ்த்தட்டினர் நீர் தேடி அலைந்த தொல்லையைக் களைவதும் அக்கடமையுள் அடங்கும் அன்றோ?

ஆகவே நாம் கொள்ளும் முடிபு இது: பயனை மட்டும் உடையவர், உருவை உடையவரினும் குறைந்த உரிமையினர் அல்லர், சொல்லப்போனால், தம் உயிரையும் நேரத்தையும் பிறர் கையில் ஒப்படைத்தவர் ஆதலின், அவர் மிகுதியான காப்புக்கு உரியர். ஊர்தியில் ஏறிய மனிதன், வழிமுடியும்வரை அதனை நடத்துவோர் கையில் அமானிதம். சட்டம் அவர்க்கு வாயிலைத் திறந்துவைத்திருக்கின்றது. ஆனால் ரசீது இல்லாத கை அவ்வாயிலைத் தட்டத் தயங்கும். ஆலை நிருவாகத்தார் வேன் ஒப்பந்தத்தின் படி ஒன்றைத் தொழிலாளர் காணும் இடத்தில் ஒட்டிவைக்கட்டும். எந்நேரம், எவ்வழி, எங்கே இறக்கிவிடவேண்டும், தவறினால் யாரைக் கேட்பது என்பவை அதில் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதப்பட்டிருக்கட்டும். பெருஞ்செலவில்லாத காரியம் இது. ஒரு தாளும் சிறிது பசையும் போதும். இரவு ஷிப்டு முடிந்து இறங்கும் பெண்ணுக்கு அத்தாளே சான்றாய் நிற்கும்.